முதுகு தாங்கும் பை – தம்பதிகளுக்கு ஒரு பாடம்



மண்டகப்பட்டுப் பாறையில் இருக்கும் குகைக் கோயிலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் பிரம்மா, சிவன், திருமால் ஆகிய மூவருக்காகக் குடைவித்த கோயில் அது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் ஆக்கப்பட்டது என்று அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது. கட்டடச் சாமான் என்று எதையும் வெளியிலிருந்து தூக்கிவர வேண்டிய அவசியம் அங்கே இல்லை.

நம் வீடு அப்படியா? தண்ணீர் தூக்க வேண்டும். அரிசி தூக்க வேண்டும். மாட்டுக்குப் புல் தூக்க வேண்டும். பிள்ளைகள் புத்தகம் தூக்க வேண்டும். விழுப்புரம் போனாலும் திண்டிவனம் போனாலும் திரும்பி வரும்போது கையில் ஒரு மூட்டை இல்லாமல் வருவதில்லை. பாறை ஆயிரம் வருஷம் தாங்கும். மனித முதுகு கல் அல்ல. அதை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

“குடும்ப நல இலாகாவுக்கும் முதுகுப் பைக்கும் என்ன சம்பந்தம்?” என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டில் 1952-இல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1977-இல் அதன் பெயர் “குடும்ப நலம்” என்று மாறியது. பிள்ளைகளின் எண்ணிக்கை மட்டும் குடும்ப நலம் ஆகாது. பெற்றவளின் உடம்பு, பிறந்த பிள்ளையின் வளர்ச்சி, உழைப்பவரின் முதுகு எல்லாம் சேர்ந்ததுதான் நலம். ஆகவே இந்தப் பாடத்தைக் கணவனும் மனைவியும் சேர்ந்து படியுங்கள். ஒருவர் படிக்க மற்றவர் கேட்டாலும் சரி.

ஒரு காட்சி

ஒரு துணை சுகாதார நிலையம். பிறந்து ஒன்றரை மாதமான கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட ஒரு தம்பதி வந்திருக்கிறார்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் மூத்த பெண்ணும் பள்ளிக்கூடப் பையோடு கூட வந்திருக்கிறாள். ஊசி போட்டாயிற்று. கணவர் கேட்கிறார்:

“நர்ஸம்மா, ஒரு சந்தேகம். சைக்கிள்ல வேலைக்குப் போகச்சொல்ல ஒரே தோள்ல பை மாட்டி மாட்டி கழுத்து புடிச்சிக்குது. நல்லா பெரிசா ஒரு முதுகுப் பை வாங்கலாம்னு இருக்கேன். எப்படிப்பட்டது வாங்கலாம்?”

“தாராளமா வாங்குங்க தம்பி. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. உங்க வீட்ல ஒரு நாளைக்கு யார் யார் எவ்வளவு தூக்கறீங்க?”

“நான் சாப்பாடு, தண்ணி, சாமான் எல்லாம் சேர்த்து அஞ்சு கிலோ இருக்கும். பொண்ணு புஸ்தகப் பை. அவ்வளவுதான்.”

நர்ஸம்மா பெண்ணின் பையை வாங்கி எடை பார்க்கிறார். ஆறரைக் கிலோ. பெண்ணை நிறுத்திப் பார்க்கிறார். முப்பத்திரண்டு கிலோ.

“சரி, தங்கச்சி எதுவும் தூக்கறதில்லையா?”

“அவ வீட்ல தானேம்மா இருக்கா!”

மனைவி தலையைக் குனிந்தபடி சொல்கிறாள்: “காலையில நாலு குடம், சாயந்திரம் ரெண்டு குடம்மா. அப்புறம் புல்லுக்கட்டு.”

ஒரு குடம் பதினைந்து லிட்டர் என்றால் தண்ணீர் மட்டும் பதினைந்து கிலோ. ஆறு குடம் தொண்ணூறு கிலோ. குடத்தின் கனமும் புல்லுக்கட்டும் இதில் சேரவில்லை. பிரசவம் ஆகி ஒன்றரை மாதம்தான் ஆகிறது.

“உடம்பு எப்படி இருக்கு, தங்கச்சி?”

அவள் கணவனை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “ஒரு வாரமா அடி இறங்கற மாதிரி இருக்குதும்மா. இருமினா மூத்திரம் வந்துடுது. யார்கிட்ட சொல்றதுன்னு இருந்தேன்.”

கணவர் ஒன்றும் பேசவில்லை. அவருக்கு அன்றுதான் தெரியும். நர்ஸம்மா அவளை உள்ளே அழைத்துப் போய்ப் பார்த்தார். ஆரம்ப நிலைதான், டாக்டரம்மாவிடம் காட்டிவிடலாம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து கணவரிடம் சொன்னார்: “பை வாங்குங்க தம்பி. ஆனா மொதல்ல, வீட்ல யார் முதுகு எவ்வளவு தாங்குதுன்னு கணக்குப் பாத்துட்டு வாங்குங்க.”

அந்தக் கணக்கைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

ஒரு தோள் ஏன் வலிக்கிறது?

தராசில் ஒரு தட்டில் மட்டும் எடை வைத்தால் என்ன ஆகும்? ஒரு பக்கம் சாயும். ஒரே தோளில் பை மாட்டினால் உடம்பும் அப்படித்தான் சாயப் பார்க்கிறது. சாயாமல் நிறுத்த மற்றப் பக்கத்துத் தசைகள் ஓயாமல் இழுத்துப் பிடிக்கின்றன. அதனால்தான் பை வலத் தோளில் இருந்தாலும் சில பேருக்கு இடது இடுப்பு வலிக்கிறது.

இரண்டு தோளிலும் வார் மாட்டி, சுமையை முதுகெலும்பை ஒட்டி வைத்தால் கனம் இரண்டு பக்கமும் சமமாகப் பிரியும். சுமை முதுகை விட்டு எவ்வளவு தள்ளித் தொங்குகிறதோ அவ்வளவு பின்னால் இழுக்கும். ஒரே கனமுள்ள குடத்தைக் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் இடுப்பில் அணைத்துப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாததா?

எவ்வளவு எடை?

பள்ளிப் பிள்ளையின் பை, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் தேசியப் பள்ளிப் பைக் கொள்கை கூறுகிறது. வகுப்பு வாரியாக அது சொல்லும் அளவு இது:

1, 2 வகுப்பு – 1.6 முதல் 2.2 கிலோ
3, 4, 5 வகுப்பு – 1.7 முதல் 2.5 கிலோ
6, 7 வகுப்பு – 2 முதல் 3 கிலோ
8 வகுப்பு – 2.5 முதல் 4 கிலோ
9, 10 வகுப்பு – 2.5 முதல் 4.5 கிலோ
11, 12 வகுப்பு – 3.5 முதல் 5 கிலோ

மேலே சொன்ன பெண்ணின் பை ஆறரைக் கிலோ. அவளுக்கு இருக்க வேண்டியது மூன்று கிலோ. இரண்டு மடங்குக்கு மேல்! அந்தப் பையைத் திறந்து பார்த்தபோது அன்று பாடமே இல்லாத நான்கு புத்தகங்களும், போன வருஷத்து நோட்டு ஒன்றும், ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலும் இருந்தன. இரவு தூங்கப் போகுமுன் கால அட்டவணையைப் பார்த்துப் பையை அடுக்கும் பழக்கம் ஒன்றே பாதிக் கனத்தைக் குறைத்துவிடும்.

பெரியவர்களுக்கும் தினசரி முதுகில் மாட்டும் பைக்குப் பத்தில் ஒரு பங்கு என்பது சௌகரியமான அளவு. 55 கிலோ எடையுள்ளவருக்கு ஐந்தரைக் கிலோ. அதற்கு மேல் உள்ளதைச் சைக்கிள் கேரியருக்குக் கொடுத்துவிடுங்கள். எடை பார்க்கத் தராசு இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பையை ஒரு கையிலும், தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை மறு கையிலும் தூக்கிப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

பை வாங்கும்போது பார்க்க வேண்டிய ஏழு விஷயங்கள்

1. நீளம்: தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஒரு எலும்பு மொட்டு தட்டுப்படும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு வரை நூல் பிடித்து அளந்து கொள்ளுங்கள். பை ஏறத்தாழ அந்த நீளத்துக்குள் அடங்க வேண்டும். பிட்டத்தில் இடிக்கும்படி தொங்கும் பை சைக்கிளில் சீட்டிலும் இடிக்கும்.

2. வார்: இரண்டு வார் இருக்க வேண்டும். அகலம் இரண்டு அங்குலமாவது வேண்டும். உள்ளே ஸ்பாஞ்ச் வைத்திருக்க வேண்டும். கயிறு மாதிரி மெல்லிய வார் தோளை அறுக்கும். கை மரத்துப் போகும்.

3. முதுகுப் பக்கம்: மெத்தென்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிபன் பாக்ஸின் மூலை முதுகைக் குத்தும். இடையில் கொஞ்சம் காற்றோட வழி இருந்தால் நம் சித்திரை வெயிலுக்கு நல்லது.

4. நெஞ்சு வார், இடுப்பு வார்: சைக்கிள் ஓட்டுகிறவருக்கு இவற்றில் ஒன்றாவது அவசியம். வளைவில் திரும்பும்போது பை ஒரு பக்கம் ஆடாமல் பிடித்துக்கொள்ளும்.

5. விசாலம்: பையை லிட்டர் கணக்கில் சொல்லுகிறார்கள். 30 செ.மீ. அகலம், 15 செ.மீ. தடிமன், 45 செ.மீ. உயரம் உள்ள பை சுமார் 20 லிட்டர் கொள்ளும். சாப்பாடு, தண்ணீர், மாற்றுத் துணி, காகிதங்கள் வைக்க 20 முதல் 25 லிட்டர் போதும். சந்தைக்கும் சேர்த்து வேண்டுமானால் 30 லிட்டர். அதற்கு மேல் வேண்டாம். இடம் இருந்தால் நிரப்பத்தான் தோன்றும்.

6. தையல்: வார் சேருகிற இடத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். அங்கே சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போட்டிருந்தால் தாங்கும். ஒற்றைத் தையல் என்றால் இரண்டு மாதத்தில் பிய்யும்.

7. சோதனை: காலிப் பையை மாட்டிப் பார்த்து வாங்காதீர்கள். காலியாக இருக்கும்போது எல்லாப் பையும் சுகம்தான். நான்கு கிலோ சாமானை உள்ளே வைத்து, கடை வாசலில் பத்து நிமிஷம் நடந்து பாருங்கள்.

வீட்டிலேயே தைக்கலாமா?

தைக்கலாம். கித்தான் துணி ஒன்றரை மீட்டர், அகலமான நைலான் நாடா, இரண்டு பக்கிள், ஒரு ஜிப், கொஞ்சம் ஸ்பாஞ்ச் இருந்தால் ஊர்த் தையற்காரரே தைத்துத் தருவார். மேலே சொன்ன அளவுகளையும் பெருக்கல் குறித் தையலையும் அவரிடம் சொல்லுங்கள். சில பேர் உரச் சாக்கில் பை தைக்கிறார்கள். பூச்சி மருந்து வைத்த சாக்கிலோ, மருந்து கொட்டிய துணியிலோ பை தைக்கவே கூடாது. கழுவினாலும் வேண்டாம். அதில்தானே சாப்பாடும் வைப்போம்!

எப்படி அடுக்குவது?

கனமானது முதுகை ஒட்டி, இலேசானது வெளிப்பக்கம். தண்ணீர்ப் பாட்டில் இரண்டு இருந்தால் பக்கத்துக்கு ஒன்று. முட்டை, மருந்து மேலே. பைக்குள் ஒரு மஞ்சப்பையை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. வழியில் காய்கறி வாங்கினால் மஞ்சப்பை கை கொடுக்கும்.

சைக்கிளில் போகும்போது

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர்க் குடத்தையும் விளைபொருளையும் கேரியரில் வைத்து ஓட்டினார்கள். இடுப்பு சுமந்ததைச் சக்கரம் சுமந்தது. பிறகு மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியருக்கு அரசின் விலையில்லா சைக்கிளும் வந்தது. ஆகவே உங்கள் வீட்டில் இருக்கும் சைக்கிள் ஆண்பிள்ளைக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். மனைவிக்கும் ஓட்டக் கற்றுக் கொடுங்கள்.

ஓட்டும்போது இவற்றைக் கவனியுங்கள்:

• ஹேண்டில்பாரில் பை தொங்கவிடாதீர்கள். திருப்பும்போது ஒரு பக்கம் இழுக்கும். பை ஆடி முன்சக்கரத்தில் மாட்டினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான்.

• முதுகில் நான்கைந்து கிலோவுக்கு மேல் வேண்டாம். மேடு பள்ளத்தில் சக்கரம் குதிக்கும் ஒவ்வொரு தடவையும் பையின் அதிர்ச்சி இடுப்பெலும்பில் இறங்கும்.

• கனமானதைக் கேரியரில் நடுவாக வைத்து ரப்பர் டியூபால் இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு பக்கமும் தொங்கும் பை என்றால் இரண்டிலும் கனம் சமமாக இருக்கட்டும்.

• வாரின் வால் தொங்காமல் முடிச்சுப் போடுங்கள். சேலைத் தலைப்பு, தாவணி, துப்பட்டா மூன்றையும் செருகிக் கொள்ளுங்கள். பின்சக்கரத்துக்குச் சேலைக் கார்டு அவசியம்.

• பின்னால் குழந்தையை உட்கார வைத்தால் அதன் கால் ஸ்போக் கம்பியில் மாட்டாதபடி தடுப்பும், கால் வைக்க இடமும் வேண்டும். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டவே கூடாது.

• சுமை கூடினால் பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் கூடும். முன்கூட்டியே பிடியுங்கள். இரவில் பின்னால் வருகிற லாரிக்குத் தெரியும்படி பையிலும் மட்கார்டிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

யார், எப்போது தூக்கக் கூடாது?

கர்ப்பிணிகள்: கர்ப்ப காலத்தில் மூட்டுகளைக் கட்டி நிறுத்தும் நார்கள் தளர்ந்து கொடுக்கும். வயிறு முன்னால் வர வர உடம்பின் நிலையும் மாறும். கனமான சுமை இடுப்பு வலியைக் கூட்டும். தடுமாறி விழவும் வைக்கும். குடம், மூட்டை, புல்லுக்கட்டு வேலையை வீட்டில் மற்றவர்கள் ஏற்க வேண்டும். வயிறு பெரிதான பிறகு சைக்கிள் ஓட்டுவதை நிறுத்திவிடுவது நல்லது.

பிரசவமான தாய்மார்கள்: கர்ப்பப்பையைக் கீழிருந்து தாங்கும் தசைகள் பிரசவத்தில் நீண்டு தளர்ந்திருக்கும். அவை பழைய நிலைக்கு வர ஆறு வாரமாவது வேண்டும். சிலருக்குக் கூடுதலாகவும் ஆகும். அதற்குள் கனம் தூக்கினால் கர்ப்பப்பை இறங்க வழியாகும். அடுத்தடுத்துப் பிரசவம் ஆனாலும் அந்தத் தசைகளுக்குத் தேற நேரம் கிடைக்காது. இரண்டு குழந்தைக்கு நடுவில் மூன்று வருஷ இடைவெளி வேண்டும் என்று நாங்கள் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று. சிசேரியன் ஆனவர்கள் முதல் ஆறு வாரம் தங்கள் குழந்தையை விடக் கனமானது எதையும் தூக்க வேண்டாம்.

அந்தத் தசைகளுக்கு ஒரு பயிற்சி உண்டு. மூத்திரத்தை அடக்குவது போலக் கீழ்த் தசையை இறுக்கி ஐந்து எண்ணும் வரை வைத்து விடுங்கள். இப்படிப் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. அடுப்படியில் நின்றுகொண்டே செய்யலாம். யாருக்கும் தெரியாது.

குடும்ப நல அறுவை செய்துகொண்ட பெண்கள்: 48 மணி நேரத்துக்குப் பிறகு இலேசான வேலை செய்யலாம். இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எல்லா வேலைக்கும் திரும்பலாம்.

வாசக்டமி செய்துகொண்ட ஆண்கள்: 48 மணி நேரத்துக்குப் பிறகு வழக்கமான வேலை செய்யலாம். சைக்கிள் ஓட்டுவது, கனமான வேலை இவற்றை ஒரு வாரத்துக்குப் பிறகு செய்யலாம்.

கேள்வி – பதில்

கேள்வி: ஆபரேஷன் பண்ணிக்கிட்டா ஆம்பளைக்குச் சுமை தூக்கற பலம் போயிடுமாமே?
பதில்: போகாது. விந்தணு வரும் சிறு குழாயைத்தான் அடைக்கிறார்கள். ஆண் சுரப்பு எப்போதும் போல இரத்தத்தில் கலக்கிறது. தசையும் பலமும் ஆசையும் அப்படியே இருக்கும். ஒரு வாரம் சைக்கிள் வேண்டாம் என்பது காயம் ஆற மட்டுமே. ஆபரேஷனுக்குப் பின் மூன்று மாதம் வரை நிரோத் போன்ற வேறு முறையும் கைக்கொள்ள வேண்டும்.

கேள்வி: தலைச்சுமை பழக்கமாயிடுச்சு, எங்க அம்மாவெல்லாம் தூக்கலையா?
பதில்: தூக்கினார்கள். வலியையும் வெளியே சொல்லாமல் சேர்த்துத் தூக்கினார்கள். நமக்குச் சைக்கிளும் பையும் இருக்கும்போது அந்த வலியை ஏன் சீதனமாக வாங்க வேண்டும்?

கேள்வி: தரையில இருக்கற மூட்டையை எப்படித் தூக்கறது?
பதில்: இடுப்பை வளைக்காதீர்கள். முழங்காலை மடக்கி உட்கார்ந்து, மூட்டையை மார்போடு அணைத்து, காலால் எழுந்திருங்கள். தூக்கிக்கொண்டே உடம்பைத் திருகாதீர்கள்.

கேள்வி: எப்ப ஆஸ்பத்திரிக்கு வரணும்?
பதில்: முதுகுவலியோடு கால் மரத்தல், கால் பலம் குறைதல், மூத்திரம் அல்லது மலம் அடக்க முடியாமை இருந்தால் அன்றே வர வேண்டும். பெண்களுக்கு அடி இறங்குவது போல இருந்தாலும், இருமினால் மூத்திரம் கசிந்தாலும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் தயங்காமல் சொல்ல வேண்டும். ஆலோசனை கேட்க 104 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்; அவசரத்துக்கு 108.

கடைசியாக ஒரு வார்த்தை

அந்தத் தம்பதி பிறகு என்ன செய்தார்கள்? கணவர் பை வாங்கினார், ஆனால் பெரிய பை வாங்கவில்லை. தனக்கு 20 லிட்டர் பை ஒன்று. மகளுக்கு முதுகு அளந்து, வார் அகலமாக ஒன்று. மீதிப் பணத்தில் சைக்கிளுக்கு அகலமான கேரியர் போட்டார். காலையில் நான்கு குடத்தையும் சாயந்திரம் இரண்டு குடத்தையும் அந்தச் சைக்கிள் சுமக்கிறது. ஓட்டுகிறவர் அவர். தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பேர் சிரித்தார்களாம். “சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. எங்க வூட்டுக்காரம்மா நல்லா இருக்கணும்ல!” என்றாராம்.

இன்றே வீட்டில் உட்கார்ந்து, யார் எவ்வளவு தூக்குகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதிகம் தூக்குகிறவர் யார் என்று பாருங்கள். பையை அதற்குப் பிறகு வாங்கலாம்.

சுமையைப் பகிர்வோம் – சுகமாக வாழ்வோம்!